திண்ணையோடு நின்ற விருந்தாளிகள்

ஊரில் கலகம். உயிருக்கு ஆபத்து. மனைவி மக்களுடன் ஒருவர் ஓடி வந்து ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரர் நல்லவர். திண்ணையில் பாய் விரித்துக் கொடுக்கிறார். வேளை தவறாமல் சாப்பாடு வருகிறது. குழந்தைகளுக்குப் பால் வருகிறது. உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியரும் வருகிறார்.

ஆனால், வீட்டுக்குள்ளே போய் ஒரு வேலையில் கை வைக்க அவருக்கு வழி இல்லை. ஒரு வருஷம் ஆகிறது. ஐந்து வருஷம் ஆகிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று வந்தவருக்கு வெட்கம். "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று வீட்டில் உள்ளவர்களின் முணுமுணுப்பு.

குற்றம் யார் மேல்? வந்தவர் மேலா? வீட்டுக்காரர் மேலா?

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள ஸ்வீடன் நாட்டில், தேர்தலுக்குத் தேர்தல் எழும்பும் கேள்வி இதுதான். ஏழைகளே இல்லாத நாடு என்று ஒரு காலத்தில் உலகமே அதைக் கொண்டாடியது. இன்று அங்கே ஜனத்தொகை ஒரு கோடியே ஐந்து லட்சம். அதில் சுமார் 20 லட்சம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அதாவது, ஐந்து பேரில் ஒருவர்.

இந்த ஐவரில் ஒருவருக்கு அந்த நாட்டின் செல்வத்தில் சரியான பங்கு கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது, ஜனங்களுக்கு உதவி செய்ய நினைக்கும் எந்த அரசாங்கமும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

மக்களின் இல்லம்

ஸ்வீடன் ஆதிகாலந்தொட்டே செல்வம் கொழித்த நாடு அல்ல. 19-ம் நூற்றாண்டில் அது ஏழை நாடு. கல் நிறைந்த நிலம், நீண்ட குளிர்காலம், விளைச்சல் பொய்த்தால் பஞ்சம். 1867, 1868-ம் ஆண்டுகளில் அங்கே பெரும் பஞ்சம் வந்தது. அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரையில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் மக்கள் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள்.

1928-ம் ஆண்டில் பெர் அல்பின் ஹான்சன் என்ற தலைவர், ஸ்வீடன் பார்லிமெண்டில் ஒரு பேச்சுப் பேசினார். நாடு ஒரு நல்ல இல்லம் போல இருக்க வேண்டும். நல்ல இல்லத்தில் செல்லப் பிள்ளை என்றும், மாற்றாந்தாய்ப் பிள்ளை என்றும் பேதம் இருக்காது என்பது அவர் பேச்சின் சாரம். "மக்களின் இல்லம்" என்ற அந்தப் பெயர் நாட்டில் நிலைத்துவிட்டது.

1932-ல் ஹான்சன் பிரதம மந்திரி ஆனார். அது முதல் 1976 வரையில், இடையில் சில மாதங்கள் நீங்கலாக, அவருடைய சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமையிலேயே ஆட்சி நடந்தது. 1948-ல் ஏழை, பணக்காரன் என்ற வித்தியாசம் இல்லாமல், குழந்தை உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் உதவித் தொகை வந்தது. 1955-ல் எல்லோருக்கும் நோய்க்கால இன்ஷூரன்ஸ் வந்தது. 1962-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்பது ஆண்டுப் பொதுப் பள்ளி வந்தது. சேமநல ராஜ்யம் என்றால் ஸ்வீடன்தான் என்று பேர் வாங்கிவிட்டது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வரியிலிருந்துதான். எல்லோரும் வேலை செய்ய வேண்டும். எல்லோரும் வரி கொடுக்க வேண்டும். எல்லோரும் உதவி பெற வேண்டும். ஸ்வீடன் முறையின் உயிர்நாடி இது. உதவி ஒரு சக்கரம் என்றால், வேலை மற்றொரு சக்கரம். இரண்டும் சேர்ந்து சுழன்றால்தான் வண்டி ஓடும்.

சம்பளத் திட்டம் தந்த அகதி

இந்த முறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் அந்நிய நாட்டிலிருந்து வந்த அகதி என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ருடால்ப் மெய்ட்னர். 1914-ல் ஜெர்மனியின் பிரெஸ்லௌ நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்ததும், பள்ளிப் படிப்பை முடித்த வயதில், ஸ்வீடனுக்குத் தப்பி வந்தார். அங்கேயே பொருளாதாரம் படித்தார். நாட்டின் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார்.

1951-ல் இவரும், கோஸ்டா ரேன் என்ற மற்றொரு நிபுணரும் சேர்ந்து ஒரு திட்டத்தைச் சம்மேளனத்தின் மாநாட்டில் வைத்தார்கள். ஒரே வேலைக்கு நாடு முழுவதும் ஒரே சம்பளம் என்பது அதன் சாரம். லாபம் கொழிக்கும் ஆலையானாலும் சரி, நொடித்துக் கிடக்கும் ஆலையானாலும் சரி, தையல்காரருக்கு ஒரு கூலி. கடைசல்காரருக்கு ஒரு கூலி.

நொடித்த ஆலை அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாவிட்டால்? மூடிவிட்டுப் போகட்டும் என்றார்கள். அங்கே வேலை இழந்தவர்களுக்குச் சர்க்கார் புதுத் தொழில் கற்றுக் கொடுக்கும். வேறு ஊருக்குக் குடிபோகச் செலவும் கொடுக்கும். நல்ல சம்பளம் கொடுக்கும் ஆலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

திட்டம் பலித்தது. 1960-ம் ஆண்டுகளிலும் 1970-ம் ஆண்டுகளிலும் மேல் சம்பளத்துக்கும் கீழ்ச் சம்பளத்துக்கும் இருந்த தூரம் மளமளவென்று குறைந்தது. 1980-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வருமான ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் ஸ்வீடன் முன்னணியில் நின்றது.

இந்தத் திட்டத்தில் ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கீழ்ச் சம்பள வேலைகள் மறைந்துவிடும். அவற்றைச் செய்துகொண்டிருந்தவர்கள் மேலே ஏற்றிவிடப்படுவார்கள். ஏற்றிவிடும் ஏற்பாடு சரியாக இருக்கும் வரையில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆள் தேடி அலைந்த காலம்

இரண்டாவது மகா யுத்தத்தில் ஸ்வீடன் கலந்துகொள்ளவில்லை. மற்ற நாடுகளின் தொழிற்சாலைகள் குண்டு விழுந்து பாழாகிக் கிடந்தபோது, ஸ்வீடன் தொழிற்சாலைகள் முழுசாக நின்றன. ஐரோப்பாவைத் திரும்பக் கட்டுவதற்கு இரும்பு, யந்திரம், காகிதம் எல்லாம் வேண்டியிருந்தது. ஆர்டர்கள் குவிந்தன. ஆட்கள்தான் போதவில்லை.

1947-ல் இத்தாலியிலிருந்து தொழிலாளிகள் தருவிக்கப்பட்டார்கள். 1954-ல் வட ஐரோப்பிய நாடுகள், தங்களுக்குள் யாரும் எங்கும் போய் வேலை செய்யலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்லாந்துக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக வந்தார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்தும், கிரேக்க நாட்டிலிருந்தும், துருக்கியிலிருந்தும் வந்தார்கள்.

இவர்களுக்குப் பாஷை தெரியாது. பெரும்பாலோருக்குப் பெரிய படிப்பும் கிடையாது. ஆனாலும் ஊர் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார்கள். வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்த்துச் செய்யும் வேலை அது. சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் போதும்.

சம்பளமோ உள்ளூர்க்காரனுக்கு என்னவோ அதேதான். தொழிற்சங்கம் இதில் பிடிவாதமாக நின்றது. அந்நியனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரனின் வயிற்றில் அடிக்க முதலாளிகளுக்கு இடம் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில், வந்தவர்களில் வேலை பார்த்தவர்களின் விகிதம் உள்ளூர்க்காரர்களுக்குச் சமமாக இருந்தது; சில வருஷங்களில் அதிகமாகவே இருந்தது. நிபுணர்கள் கணக்குப் பார்த்தபோது, அவர்கள் பெற்ற உதவியைவிடக் கொடுத்த வரியே அதிகம் என்று தெரிந்தது. இன்று "அந்நியர்கள் வந்தாலே கஜானாவுக்கு நஷ்டம்" என்று பேசுகிறவர்கள், இந்தப் பழைய கணக்கை ஒரு தரம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1973 முதல், வேலையில் உள்ள அந்நியர்களுக்கு 240 மணி நேரம் ஸ்வீடிஷ் பாஷை கற்றுத்தர வேண்டும் என்று சட்டம் வந்தது. வேலை நேரத்திலேயே பாடம். அந்த நேரத்துக்கு முதலாளி சம்பளமும் கொடுக்க வேண்டும்! 1976-ல், மூன்று ஆண்டு குடியிருந்த அந்நியர்களும் உள்ளூராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் அதற்குள்ளேயே வாசற்கதவு சாத்தப்பட்டு வந்தது. 1967-ல், வேலையும் அனுமதியும் முன்கூட்டியே கையில் இருந்தால்தான் நாட்டுக்குள் வரலாம் என்று விதி வந்தது. 1972-ல் தொழிற்சங்கங்களும் கைவிரித்துவிட்டன. தொழிலாளியாக வருவதற்கு இருந்த வழி, வட ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அநேகமாக அடைபட்டுப் போயிற்று.

அகதிகள் வந்தபோது

தொழிலாளிகள் நின்றார்கள். அகதிகள் தொடர்ந்தார்கள்.

1973-ல் சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கிருந்து தப்பியவர்கள் வந்தார்கள். 1980-ம் ஆண்டுகளில் ஈரான், ஈராக், லெபனான் நாடுகளிலிருந்து வந்தார்கள். யூகோஸ்லாவியா உடைந்து யுத்தம் மூண்டபோது, 1992-ம் ஆண்டில் மட்டும் சுமார் 84,000 பேர் அடைக்கலம் கேட்டார்கள்.

அவர்கள் வந்த நேரம் கெட்ட நேரம். ஸ்வீடனில் பாங்கிகள் ஆட்டம் கண்டிருந்தன. 1992 செப்டம்பரில் நாணயத்தைக் காப்பாற்றுவதற்காக மத்திய பாங்கி தன் வட்டியை 500 சதவீதத்துக்கு உயர்த்தியது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். 1990-ல் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1993-ல் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியாக வந்தவன் கதவுக்கு வெளியே நின்றான்.

அப்படியும் ஸ்வீடன் அடைக்கலம் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் சோடர்டேலியே என்று ஓர் ஊர். சுமார் 80,000 ஜனங்கள். ஈராக் யுத்தத்துக்குப் பிறகு, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏற்றுக்கொண்டதைவிட அதிகமான ஈராக் அகதிகளை அந்த ஓர் ஊர் ஏற்றுக்கொண்டது! 2008-ல் அவ்வூர் மேயர் அமெரிக்கக் காங்கிரஸின் முன்பே போய் இதை எடுத்துச் சொன்னார்.

2015-ல் சிரியா யுத்தத்தின் அலை வந்தது. அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,63,000 பேர் ஸ்வீடனில் அடைக்கலம் கேட்டார்கள். தாய் தகப்பன் துணையின்றித் தனியே வந்த சிறுவர் சிறுமியர் மட்டும் 35,000 பேர். நவம்பர் மாதத்தில் அரசாங்கம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. அந்தச் செய்தியை அறிவித்தபோது துணைப் பிரதம மந்திரி கண்கலங்கிவிட்டார்.

முதற்படி இல்லாத ஏணி

வந்தவர்களுக்கு வீடு கிடைத்தது. உதவிப் பணம் கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. வேலை மட்டும் சீக்கிரம் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் வந்த அகதிகளில் பாதிப்பேர் வேலைக்குப் போய்ச் சேர ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. பெண்களுக்கு இன்னும் அதிக காலம். இன்றும் அங்கே, வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே உள்ள வேலையில்லாத் திண்டாட்டம், உள்நாட்டில் பிறந்தவர்களிடையே உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணம் சோம்பேறித்தனமா? அப்படியானால், அதே நாட்டுக்கு முன்பு வந்த இத்தாலியனும் துருக்கியனும் எப்படி மறுவாரமே வேலைக்குப் போனார்கள்? மனித சுபாவம் 30 வருஷத்தில் மாறிவிடாது. மாறியது வேலை.

பார்த்துச் செய்யும் வேலைகளை யந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஆரம்பப் படிப்பு மட்டும் போதும் என்கிற வேலைகள் இன்று ஸ்வீடனில் இருபதில் ஒன்றுதான். ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த அளவுகளில் இது ஒன்று. மற்ற வேலைகளுக்கெல்லாம் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் ஸ்வீடிஷ் பாஷையும் வேண்டும்.

அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகளும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். அதன்படி ஆரம்பச் சம்பளமே கணிசமானது. "இந்தச் சம்பளத்துக்குப் பாஷை தெரிந்தவனையே எடுத்துக்கொள்கிறேனே" என்கிறார் முதலாளி. மெய்ட்னரின் திட்டத்தில் கீழ்ப்படி எடுக்கப்பட்டுவிட்டது. ஏற்றிவிடும் கை மட்டும் புதிதாக வந்தவரை எட்டவில்லை. ஓர் அகதி வகுத்த திட்டம், பின்னால் வந்த அகதிகளுக்கு மதில் சுவராகிவிட்டது.

படித்தவர்கள் கதி? அவர்களுக்கும் கஷ்டம்தான். சொந்த ஊரில் டாக்டராக இருந்தவர், ஸ்வீடனில் மறுபடி பாஷை கற்று, பரீட்சை எழுதி, அனுமதி வாங்குவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும்.

பெயரும் ஒரு தடை. 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தகுதியில் சமமான விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சிலவற்றில் ஸ்வீடிஷ் பெயர். சிலவற்றில் அரபுப் பெயர். ஸ்வீடிஷ் பெயருக்கு ஒன்றரை மடங்கு அழைப்பு வந்தது! படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, வேறுபட்டது பெயர் மட்டுமே. இதற்கு எந்த உதவிப் பணம் பரிகாரம்?

குடியிருப்பும் சேர்ந்துகொண்டது. 1965 முதல் 1974 வரையில் பத்து லட்சம் வீடுகள் கட்டும் மகத்தான திட்டத்தை ஸ்வீடன் நிறைவேற்றியது. வசதி வந்த உள்ளூர்க்காரர்கள் அந்த அடுக்கு வீடுகளைக் காலி செய்துவிட்டுப் போக, அகதிகள் வந்து குடியேறினார்கள். ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி, மால்மோவின் ரோசென்கோர்ட் ஆகிய பேட்டைகளில் பையன்கள் ஸ்வீடிஷ் பேசும் சிநேகிதன் இல்லாமலே வளர்ந்தார்கள். வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலம் கிடைக்கிறது. தெரிந்தவர் எல்லோருக்குமே வேலை இல்லை என்றால், யார் யாருக்குச் சொல்லி வைப்பது?

இடைவெளி யாரால்?

ஸ்வீடனில் வருமான ஏற்றத்தாழ்வு வளர்ந்துவிட்டது. இதில் சந்தேகம் இல்லை. 1985-க்கும் 2010-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளுக்கும் இடையில், தன் உறுப்பு நாடுகளிலேயே ஏற்றத்தாழ்வு மிக அதிகமாக வளர்ந்தது ஸ்வீடனில்தான் என்று, செல்வந்த நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு ஸ்தாபனம் 2015-ல் கணக்குக் காட்டியது. அப்படி வளர்ந்த பிறகும் மற்றப் பல நாடுகளைவிட அங்கே ஏற்றத்தாழ்வு குறைவு. ஆனாலும் சரிவு சரிவுதான்.

இதற்கு அந்நியர்களே காரணம் என்று மேடைகளில் பேசப்படுகிறது. 2022 தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சி நூற்றுக்கு இருபது ஓட்டுக்கு மேல் வாங்கி இரண்டாவது பெரிய கட்சியாயிற்று.

கணக்கைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஏணியின் கீழே பார்த்தால், வேலை கிடைக்காத அகதிக் குடும்பங்கள் அதிகம். உதவிப் பணத்தின் உயர்வும் சம்பள உயர்வுக்குச் சமமாக இல்லை. ஆகவே, வேலை இல்லாதவர் பின்தங்கிப் போனார். இது உண்மை.

ஏணியின் மேலே பார்த்தால் வேறு காட்சி. 1991-ல் வரிச் சீர்திருத்தம் வந்தது. பங்கு லாபத்துக்கும் வட்டி வருமானத்துக்கும் சேர்த்து ஒரே வரி, 30 சதவீதம் என்று ஏற்பட்டது. உயர்ந்த சம்பளத்துக்கான வரி அதைவிட எவ்வளவோ அதிகம். 2004-ல் பரம்பரைச் சொத்து வரி ரத்தாயிற்று. ரத்து செய்தது சமூக ஜனநாயகக் கட்சியின் அரசாங்கமே! 2007-ல் அடுத்து வந்த அரசாங்கம் செல்வ வரியையும் ரத்து செய்தது. வீடும் பங்கும் விலை ஏறிக்கொண்டே போயின. வைத்திருந்தவர் மேலும் வைத்திருப்பவர் ஆனார்.

ரிங்கெபியில் நாலாவது மாடியில் குடியிருக்கும் சோமாலியப் பெண்மணியா இந்த வரிகளை ரத்து செய்தார்? கீழே உள்ளவர் ஏறாமல் போனது ஒரு காரணம். மேலே உள்ளவர் பறந்து போனது மற்றொரு காரணம். இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் பேசுவது நியாயம் ஆகாது.

டென்மார்க்கின் சோதனை

"உதவிப் பணத்தை வெட்டினால் தானே வேலைக்குப் போவார்கள்" என்ற யோசனையும் இருக்கிறது. பக்கத்து நாடான டென்மார்க் அதைச் செய்து பார்த்தது.

2002 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு அங்கே தங்க அனுமதி பெற்ற அகதிகளுக்கு, உதவிப் பணம் பாதி அளவுக்கு வெட்டப்பட்டது. அதற்கு முன் அனுமதி பெற்றவர்களுக்குப் பழைய தொகையே. ஆகவே இரு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாயிற்று. பொருளாதார ஆராய்ச்சியாளர் மூவர் பல ஆண்டுக் கணக்கைப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்.

முதலில் வேலைக்குப் போனவர்கள் அதிகமானார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பலன் நீடிக்கவில்லை. வருஷம் போகப் போகக் கரைந்துவிட்டது. வேலைக்குப் போனவர்களுக்கும் கிடைத்தது சொற்பக் கூலி. பெண்களில் பலர் வேலை தேடுவதையே விட்டுவிட்டார்கள். வறுமை கூடியது. கடைகளில் பொருள் திருடும் குற்றம் கூடியது. பிள்ளைகளின் படிப்பும் கெட்டது.

வயிற்றைக் காயப் போட்டால் மனிதன் ஓடுவான். ஆனால் எங்கே ஓடுவான் என்பதைப் பசி தீர்மானிக்கும். ஸ்வீடனிலும், அந்நியர் உதவி பெறுவதற்குமுன் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, 2022-ல் ஆளும் கட்சிகள் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே இடம் பெற்றது. அவர்கள் டென்மார்க்கின் முழுக் கதையையும் படிப்பது நலம்.

மீன் தொழிற்சாலையில் தமிழர்கள்

மற்றொரு பக்கத்து நாடு நார்வே. அங்கே நடந்தது தமிழர்களின் கதை.

1980-ம் ஆண்டுகளில் இலங்கையில் இனக் கலவரமும் யுத்தமும் மூண்டபோது, யாழ்ப்பாணத்து வாலிபர்கள் பலர் நார்வேக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாட்டின் வடகோடியில் பின்மார்க் என்ற பிரதேசம். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே தலை காட்டாது. அங்கே கடலோர ஊர்களில் மீன் பதம் செய்யும் தொழிற்சாலைகள். உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்விட்டதால் ஆள் கிடைக்கவில்லை.

வெயிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அந்த இருட்டிலும் பனியிலும் நின்று மீன் அறுத்தார்கள். பாஷை அரைகுறை. ஆனால் வேலை முதல் நாளே கிடைத்தது. சம்பளத்தோடு பாஷையும் வந்தது. வேலை செய்யும் இடத்தில் சிநேகிதர்களும் கிடைத்தார்கள். கையில் காசு சேர்ந்ததும் பலர் ஆஸ்லோ நகரத்துக்கு இறங்கினார்கள், வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வேக்குப் போன ஹம்சாயினி குணரத்தினம், 2015-ல் ஆஸ்லோ நகரத்தின் துணை மேயர் ஆனார். 2021-ல் நார்வே பார்லிமெண்டின் அங்கத்தினர் ஆனார்.

நார்வேயும் சேமநல ராஜ்யம்தான். அங்கேயும் சம்பளம் அதிகம், உதவியும் அதிகம். தமிழர்களுக்கு அங்கே வாய்த்தது ஒன்றே ஒன்று: ஏணியில் முதற்படி.

வழி என்ன?

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம்; இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். சம்பளத்தைக் குறைத்தால் தொழிற்சங்கத்துக்குக் கோபம். அதில் நியாயமும் உண்டு. கீழ்ச் சம்பள வேலைகளைத் திரும்பக் கொண்டுவந்தால், அவை அந்நியர்களுக்கென்றே ஒதுக்கிய வேலைகளாகிவிடும். 50 வருஷம் பாடுபட்டு ஒழித்த பேதம் கொல்லைப்புறமாக உள்ளே நுழையும். சம்பளத்தை அப்படியே வைத்தால் முதலாளி புதியவரை எடுக்க மாட்டார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. சும்மா இருப்பதற்குக் கொடுக்கும் பணத்தை, வேலை செய்வதற்குக் கொடுக்கலாமே! தொழிற்சங்கமும் முதலாளிகளும் கூடிப் பேசி உருவாக்கிய இப்படி ஒரு திட்டம் 2024 ஜனவரியில் ஸ்வீடனில் அமலுக்கு வந்தது. புதியவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளி கொடுப்பார். மற்றொரு பகுதியைச் சர்க்கார் நேரே தொழிலாளியிடம் கொடுத்துவிடும். முதலாளிக்குப் பாரம் குறைகிறது. தொழிலாளிக்குக் கூலி குறையவில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது நோக்கம்.

இந்த யோசனை 2017-லேயே பேசப்பட்டது. பேச்சிலிருந்து செயலுக்கு வர ஆறேழு ஆண்டுகள்! அதற்குள் 2015-ல் வந்த குழந்தைகள் வாலிபர்களாகிவிட்டார்கள். நல்ல திட்டத்துக்குத் தாமதத்தைவிடப் பெரிய விரோதி இல்லை.

அது மட்டும் போதாது. 1973-ல் செய்ததுபோல, வேலை நேரத்திலேயே பாஷை கற்றுத்தர வேண்டும். வகுப்பில் ஒரு வருஷம் கற்பதைத் தொழிற்கூடத்தில் சில மாதங்களில் கற்றுவிடலாம். டாக்டரையும் ஆசிரியரையும் வருஷக்கணக்கில் காக்க வைக்காமல், குறைந்த காலத்தில் தகுதியைச் சோதித்து அனுமதி கொடுக்க வேண்டும். வீட்டோடு இருக்கும் தாய்மார்களைத் தேடிப் போய் அழைக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஒதுக்கும் முதலாளிக்குச் சட்டம் இருப்பதை ஞாபகப்படுத்த வேண்டும்.

மேலே உள்ளவர்களின் வரியையும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஏற்றிவிடும் கைக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைச் சம்பளக்காரனிடம் மட்டும் வசூலித்துக்கொண்டு, சொத்துக்காரனை விட்டுவிட்டால், சம்பளக்காரனுக்கு ஆத்திரம் வரும். அந்த ஆத்திரம் சொத்துக்காரன் மேல் போகாது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் மேல்தான் போகும்.

வந்தவர்களுக்கும் கடமை உண்டு. பாஷையைக் கற்பதும், கிடைத்த வேலையைத் தட்டாமல் செய்வதும், பெண்களை வேலைக்குப் போக விடுவதும் அவர்கள் பங்கு. ஆனால் கதவைத் திறந்தபிறகுதான், "ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்க முடியும்.

ருடால்ப் மெய்ட்னர் 2005-ல் காலமானார். 1933-ல் அவர் வந்தபோது ஸ்வீடன் அவருக்கு வெறும் சோறு மட்டும் போட்டிருந்தால், மெய்ட்னர் என்று ஒருவர் இருந்ததே உலகத்துக்குத் தெரிந்திராது. அந்த நாடு அவருக்குப் படிப்பும் வேலையும் கொடுத்தது. அவர் அந்த நாட்டுக்கே ஒரு கொள்கையைக் கொடுத்தார்.

ரிங்கெபியிலும் ரோசென்கோர்டிலும் இன்று எத்தனை மெய்ட்னர்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ! பசித்தவனுக்குச் சோறு போடுவது தர்மம். அவனை உள்ளே அழைத்து, அடுப்படியில் ஒரு வேலையும் பந்தியில் ஓர் இலையும் கொடுப்பதே குடும்பம். மக்களின் இல்லம் என்று பெயர் வைத்துக்கொண்ட நாடு, திண்ணையோடு நின்றுவிடக் கூடாது.